அளந்து போடு!

(பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி)

“ஆற்றில் போட்டாலும் அளந்து போடு” என்பது நம் முன்னோர் வாக்கு. ஓடும் ஆற்றில் போடுவதையே அளந்து போட வேண்டுமென்றால், லிட்டர் நூறு ரூபாயைத் தாண்டிவிட்ட பெட்ரோலை அளக்காமல் போடலாமா? “எந்தப் பெட்ரோல் பங்கில் போட்டால் மைலேஜ் கூடுதலாகக் கிடைக்கும்?” என்ற கேள்வி எழாத வீடு நம் தேனி மாவட்டத்தில் இல்லை என்று சொன்னால் அது மிகையாகாது. டீக்கடையிலும், கல்யாண வீட்டுத் திண்ணையிலும், வாடகை வண்டி நிறுத்தத்திலும் இதைப் பற்றி ஆளுக்கொரு தீர்ப்புச் சொல்வார்கள். “அந்தப் பங்கில் போட்டால் வண்டி பறக்கும், இந்தப் பங்கில் போட்டால் வண்டி படுத்துவிடும்” என்று உறுதியாகப் பேசுவார்கள். ஆனால் அளந்து பார்த்தவர் எத்தனை பேர்? அளந்து பார்த்த கதையைத்தான் இக்கட்டுரையில் எழுத விரும்புகிறேன்.

என் தந்தை வாடகைக் கார் ஓட்டுபவர். எங்களிடம் இருப்பது 2012-ஆம் ஆண்டில் வாங்கிய மாருதி ஆம்னி. தேனியிலிருந்து சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் வரை பள்ளத்தாக்கின் நீளத்துக்கு அந்த வண்டி ஓடியிருக்கிறது. குமுளி மலையும் போடிமெட்டு மலையும் அதற்குப் பழக்கம். ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், சபரிமலைக்குப் போகிறவர்கள், ஏலத்தோட்டத்துக் கணக்குப்பிள்ளைகள், பன்னீர் திராட்சைப் பெட்டியோடு வரும் விவசாயிகள் என்று எல்லோரும் அதில் ஏறியிருக்கிறார்கள். மாதத்துக்கு ஏறக்குறைய மூவாயிரம் கிலோமீட்டர் ஓடும். ஆகவே மைலேஜ் என்ற சொல் எங்கள் வீட்டில் அரிசி, பருப்பு என்பதைப் போன்ற சொல்.

சில காலமாக மைலேஜ் குறைந்துவிட்டது என்று அப்பா மிகவும் வருந்தினார். முன்பு லிட்டருக்கு பதினான்கரை கிலோமீட்டர் கொடுத்த வண்டி, இப்போது பதின்மூன்றரைதான் கொடுக்கிறது. ஒரு கிலோமீட்டர்தானே என்று எண்ணிவிடக் கூடாது. மூவாயிரம் கிலோமீட்டருக்கு முன்பு 207 லிட்டர் போதும்; இப்போது 222 லிட்டர் வேண்டும். பதினைந்து லிட்டர், அதாவது மாதம் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு மேல் போய்விடுகிறது. என் தங்கையின் பள்ளி வேன் கட்டணம் ஏறத்தாழ அவ்வளவுதான். அதனால் இது எங்களுக்கு வெறும் பேச்சல்ல.

அப்பாவின் நண்பர்கள் உடனே காரணம் கண்டுபிடித்துச் சொல்லிவிட்டார்கள். “போடி ரோட்டுப் பங்கில் போடுறதை நிறுத்துண்ணே. அங்கே அளவும் குறைவு, கலப்படமும் உண்டு. மதுரை ரோட்டுப் பங்கில் போட்டுப் பாரு.” அன்று முதல் அப்பா எங்கள் வீட்டிலிருந்து ஐந்து கிலோமீட்டர் தள்ளியுள்ள மதுரை ரோட்டுப் பங்குக்கே போய்ப் பெட்ரோல் போட்டு வரலானார். பலரும் அப்படியே செய்தார்கள்.

இந்தப் பேச்சு எங்கள் வகுப்பறைக்குள்ளும் வந்துவிட்டது. ஒரு நாள் மதிய உணவு இடைவேளையில் யாரோ இதைச் சொல்லிச் சிரித்தபோது, எனக்கு அடுத்த பெஞ்சில் இருந்த தோழி சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டு எழுந்து போய்விட்டாள். காரணம் பிறகுதான் தெரிந்தது. அவளுடைய அம்மா அந்தப் போடி ரோட்டுப் பங்கில்தான் பெட்ரோல் போடும் வேலை பார்க்கிறார். காலை ஆறு மணி முதல் வெயிலிலும் புகையிலும் நின்று, அந்தச் சம்பளத்தில் இரண்டு பெண்களைப் படிக்க வைக்கிறார். பங்கில் கூட்டம் குறைந்ததால் ஓர் ஆளை நிறுத்தப் போவதாகவும் பேச்சு இருந்ததாம். நாம் வாய்க்கு வந்தபடி பேசும் ஒரு வார்த்தை, இன்னொரு வீட்டு அடுப்பை அணைத்துவிடும் என்பதை அன்று உணர்ந்தேன்.

நான் இதை எங்கள் அறிவியல் ஆசிரியையான சிஸ்டரிடம் சொன்னேன். அவர், “யார் சொல்வது சரி என்று என்னைக் கேட்காதே. வண்டி உங்கள் வீட்டில் இருக்கிறது. நோட்டும் பென்சிலும் உன்னிடம் இருக்கின்றன” என்று மட்டும் சொன்னார். அதுவே எனக்குப் போதுமானதாக இருந்தது.

முதலில் பெட்ரோல் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ள முயன்றேன். பங்குகளின் பெயர்ப்பலகைகள் பல நிறத்தில் இருக்கின்றன. இந்தியன் ஆயில், பாரத் பெட்ரோலியம், இந்துஸ்தான் பெட்ரோலியம் என்று நிறுவனங்கள் பல. ஆனால் நமக்கு அருகில் உள்ள பெரிய சுத்திகரிப்பு ஆலைகள் சென்னை மணலியிலும் கொச்சியிலும் இருப்பவைதாம். சென்னையிலிருந்து திருச்சி வழியாக மதுரை வரை நிலத்தடிக் குழாயிலேயே எண்ணெய் வருகிறது. தமக்குக் கிடங்கு இல்லாத பகுதிகளில் ஒரு நிறுவனம் மற்றொன்றின் கிடங்கிலிருந்து எண்ணெயை வாங்கிக்கொள்வதும் வழக்கம். எந்த நிறுவனமாக இருந்தாலும், இந்தியத் தர நிர்ணய அமைப்பு வகுத்துள்ள அளவுகோலுக்கு உட்பட்டே விற்க வேண்டும். 2020 ஏப்ரல் 1 முதல் நாடெங்கும் பாரத் நிலை 6 என்னும் தரமே விற்கப்படுகிறது. ஆகவே பலகையின் நிறம் மாறினால் பெட்ரோலின் குணமும் மாறிவிடும் என்பது சரியன்று.

“விலை உயர்ந்த பெட்ரோல் போட்டால் மைலேஜ் கூடும்” என்று சொல்வாரும் உண்டு. அந்தப் பெட்ரோலில் ஆக்டேன் எண் அதிகம். ஆக்டேன் என்பது சக்தியின் அளவு அன்று. எஞ்சினுக்குள் அழுத்தம் கூடும்போது, தீப்பொறி வருமுன் தானே வெடித்துவிடாமல் தாங்கும் தன்மையின் அளவு அது. மிகுந்த அழுத்தத்தில் இயங்கும் புது வகை எஞ்சின்களுக்கு அது பயன்படும். எங்கள் ஆம்னி போன்ற சாதாரண வண்டிக்கு அதைப் போடுவது, பாயசத்துக்குப் போதுமான சர்க்கரை போட்ட பிறகு மேலும் இரண்டு கரண்டி போடுவது போலத்தான்.

“விடியற்காலையில் போட்டால் குளிர்ச்சியில் பெட்ரோல் கெட்டியாக இருக்கும், அதிகம் கிடைக்கும்” என்பது இன்னொரு நம்பிக்கை. வெப்பத்தில் பெட்ரோல் விரிவது உண்மை. ஒரு டிகிரி செல்சியசுக்கு ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு விரியும். ஆனால் பங்குகளில் பெட்ரோல் தொட்டி மண்ணுக்கு அடியில் புதைக்கப்பட்டிருக்கிறது. நம் வீட்டுக் கிணற்று நீர் காலையிலும் மாலையிலும் ஒரே அளவு குளிர்ச்சியாக இருப்பதைப் போல, அத்தொட்டியின் வெப்பமும் ஒரு நாளுக்குள் பெரிதும் மாறுவதில்லை. அதற்காக விடியற்காலையில் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

அடுத்து என் நோட்டுக் கணக்குக்கு வருகிறேன். மூன்று பங்குகளைத் தேர்ந்தெடுத்தோம். ஒன்று எங்கள் வீட்டுக்கு அருகில் உள்ளது. இரண்டாவது என் தோழியின் அம்மா வேலை பார்க்கும் போடி ரோட்டுப் பங்க். மூன்றாவது எல்லோரும் புகழும் மதுரை ரோட்டுப் பங்க். ஒவ்வொன்றிலும் பத்து முறை, ஆக முப்பது முறை. ஒவ்வொரு முறையும் தொட்டியை நிரப்பி, நாசில் தானாக ‘டக்’ என்று முதல் தடவை நிற்கும்போது நிறுத்திவிட வேண்டும். கிலோமீட்டர் காட்டும் எண்ணையும், லிட்டரையும், போய் வந்த ஊரையும் எழுதிக்கொள்ள வேண்டும். அப்பா முதலில் சிரித்தாலும் ஒரு முறைகூட மறக்காமல் சீட்டில் குறித்துக்கொண்டு வந்தார். ஆனி மாதம் தொடங்கிய கணக்கு புரட்டாசியில் முடிந்தது.

சராசரி போட்டுப் பார்த்தேன். வீட்டுக்கு அருகிலுள்ள பங்க், லிட்டருக்கு 13.0 கிலோமீட்டர். போடி ரோட்டுப் பங்க் 12.4. மதுரை ரோட்டுப் பங்க் 13.8. “பார்த்தாயா! ஊர் சொன்னால் உண்மையாகத்தான் இருக்கும்” என்றார் அப்பா. அந்த எண்களைப் பார்த்து எனக்கு அழுகை வந்துவிடும் போல் இருந்தது. என் தோழியிடம் என்ன சொல்வேன்?

அன்றிரவு நோட்டை மீண்டும் புரட்டினேன். போய் வந்த ஊர்கள் என்ற பகுதியைப் பார்த்தபோதுதான் விஷயம் விளங்கியது. போடி ரோட்டுப் பங்கில் அப்பா எப்போது பெட்ரோல் போடுவார்? போடிமெட்டுக்குச் சவாரி கிடைக்கும்போதுதான் அதிகம் போடுவார். அங்கே போட்ட பத்து முறையில் நான்கு முறை வண்டி மலை ஏறியிருக்கிறது. பதினேழு கொண்டை ஊசி வளைவுகள், முதல் கியரும் இரண்டாவது கியருமாக ஏற வேண்டிய பாதை. போதாக்குறைக்கு ஆடிக் காற்று வேறு. மேற்கு மலை இடுக்கு வழியாக அந்த மாதங்களில் வீசும் காற்றுக்காகத்தானே நம் பக்கம் அத்தனை காற்றாலைகள் நிற்கின்றன! காற்றாலையைச் சுழற்றும் காற்று, எதிர்த்துப் போகும் காரை மட்டும் சும்மா விடுமா? அந்த நான்கு முறையும் மைலேஜ் 11-ஐ எட்டவில்லை. மதுரை ரோட்டுப் பங்கில் போட்ட பத்து முறையில் ஒரு முறைகூட மலையேற்றம் இல்லை. மூன்று முறை மதுரைக்கு, நல்ல அகலச் சாலையில், நிற்காமல் போய் வந்த சவாரி.

ஆகவே தேனி–கம்பம்–கூடலூர் சமதளச் சாலையில் ஓடிய முறைகளை மட்டும் தனியே பிரித்துக் கணக்கிட்டேன். விடை இதுதான். வீட்டுக்கு அருகிலுள்ள பங்க் 13.5. போடி ரோட்டுப் பங்க் 13.4. மதுரை ரோட்டுப் பங்க் 13.6. இவ்வளவுதான் வேறுபாடு. நாம் கணக்குப் பாடத்தில் ‘வீச்சு’ என்று படிக்கிறோம் அல்லவா? பெரிய எண்ணுக்கும் சிறிய எண்ணுக்கும் உள்ள இடைவெளி. ஒரே பங்கில் போட்டபோதே மைலேஜ் 13.0 முதல் 13.9 வரை ஏறி இறங்கியிருக்கிறது. வண்டியில் எத்தனை பேர், மேலே மூட்டை உண்டா, சந்தை நாளா என்பதைப் பொறுத்து அது மாறுகிறது. ஒரே பங்குக்குள் 0.9 வேறுபடும்போது, பங்குக்குப் பங்கு உள்ள 0.2 எம்மாத்திரம்? மூன்று பங்குகளிலும் மைலேஜ் ஒன்றே என்றுதான் சொல்ல வேண்டும். குறைந்தது பெட்ரோல் அன்று, கூடியது மலை.

இன்னொரு கணக்கும் போட்டேன். மதுரை ரோட்டுப் பங்குக்குப் போக ஐந்து கிலோமீட்டர், வர ஐந்து கிலோமீட்டர். பத்து கிலோமீட்டருக்கு 0.74 லிட்டர் செலவு. ஒரு முறைக்கு இருபது லிட்டர் போடுகிறோம். அதில் நூற்றுக்கு 3.7 பங்கு அந்தப் பங்குக்குப் போய் வருவதிலேயே தீர்ந்துவிடுகிறது! மாதத்தில் பதினொரு முறை என்றால் எட்டு லிட்டர். எண்ணூறு ரூபாயை மிச்சம் பிடிப்பதாக நினைத்துச் சாலையில் கொட்டியிருக்கிறோம். இந்தக் கணக்கைக் காட்டியபோது அப்பா நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “இதை ஸ்டாண்டில் இருக்கிறவர்களுக்கும் எழுதிக் கொடு” என்றார்.

அப்படியானால் பதினான்கரை பதின்மூன்றரை ஆனது ஏன்? வண்டிக்கு வயதாகிவிட்டது ஒரு காரணம். அதைவிட முக்கியமான காரணம் பெட்ரோலிலேயே இருக்கிறது. இன்று விற்கும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது. இது கலப்படம் அன்று. அரசே அறிவித்துச் செய்வது. கரும்பு, மக்காச்சோளம், அரிசி போன்றவற்றிலிருந்து எத்தனால் எடுக்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து வாங்கும் எண்ணெயைக் குறைப்பதும் விவசாயிக்கு வருவாய் தருவதும் இதன் நோக்கம். 2014-இல் நாட்டின் பெட்ரோலில் சராசரியாக நூற்றுக்கு 1.5 பங்கு அளவே எத்தனால் இருந்தது. 2022-இல் அது பத்துப் பங்கானது. 2025-இல் இருபது பங்கை எட்டியது.

ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் சக்தி, ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பதைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. இருபது சதவீதத்தில் மூன்றில் ஒன்று என்றால் ஆறு முதல் ஏழு சதவீதம். நிதி ஆயோக் 2021-இல் வெளியிட்ட திட்ட அறிக்கையும் இதை மறைக்கவில்லை. எத்தனால் இல்லாத பெட்ரோலுக்கென வடிவமைத்துப் பத்து சதவீதக் கலப்புக்கு ஏற்பச் சரிசெய்த கார்களில், இருபது சதவீதக் கலப்பால் 6 முதல் 7 சதவீதம் வரை மைலேஜ் குறையலாம் என்று அது கூறுகிறது. பத்து சதவீதத்துக்கென வடிவமைத்து இருபதுக்கு ஏற்பச் சரிசெய்த கார்களில் 1 முதல் 2 சதவீதம்தான் குறையும். பதினான்கரையில் ஏழு சதவீதம் எவ்வளவு? ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். எங்கள் வண்டியில் குறைந்ததும் அவ்வளவே.

இதை அறிந்தபோது ஊர்ப்பேச்சு எப்படிப் பிறந்தது என்பதும் விளங்கியது. மைலேஜ் எல்லாப் பங்குகளிலும் ஒன்றாகவே குறைந்தது. ஆனால் அவரவர் தாம் வழக்கமாகப் போடும் பங்கையே குற்றம் சொன்னார்கள். மலைச் சவாரிக்காரர்கள் போடி ரோட்டுப் பங்கில் போட்டதால், அந்தப் பங்கின் தலையில் பழி அதிகமாக விழுந்தது.

அப்படியென்றால் எல்லாப் பங்குகளும் நல்ல பங்குகளே என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாமா? அதுவும் சரியன்று. பங்குக்குப் பங்கு மாறக்கூடியவை மூன்று உண்டு. அவை அளவு, தூய்மை, நேர்மை.

மழைக்காலத்தில் நிலத்தடித் தொட்டிக்குள் நீர் கசிந்துவிட்டால் பெட்ரோல் கெட்டுவிடும். எத்தனால் நீரை உறிஞ்சும் தன்மையுடையது. நீர் மிகுந்துவிட்டால் எத்தனாலும் நீரும் பிரிந்து அடியில் தங்கும். அதை இழுக்கும் வண்டி வழியில் நின்றுவிடும். ஐப்பசி மழையில் தொட்டியை ஒழுங்காகச் சோதிக்கும் பங்குக்கும் சோதிக்காத பங்குக்கும் வேறுபாடு உண்டு. அளவில் ஏமாற்றியதும் நடந்திருக்கிறது. 2017 ஏப்ரலில் உத்தரப் பிரதேசத்தின் லக்னோவில் காவல்துறையின் சிறப்புப் படை சோதனையிட்டபோது, பம்புகளுக்குள் சிறிய மின்னணுச் சில்லுகளைப் பொருத்தி, ரிமோட் கொண்டு இயக்கி, குறைவாகப் பெட்ரோல் போட்டுவந்த பங்குகள் பிடிபட்டன. எண் சரியாகக் காட்டும். எண்ணெய் குறைவாக விழும்.

கலப்படத்தை எதிர்த்து உயிரையே கொடுத்தவரும் நம் நாட்டில் உண்டு. அவர் பெயர் சண்முகம் மஞ்சுநாத். கோலார் தங்கவயலில் வளர்ந்தவர். லக்னோவிலுள்ள இந்திய மேலாண்மைக் கழகத்தில் படித்து, இந்தியன் ஆயில் நிறுவனத்தில் விற்பனை அதிகாரியாகச் சேர்ந்தார். அந்தப் படிப்புப் படித்தவர்கள் பெருநகரத்தில் குளிர்சாதன அறையில் அமரலாம். இவர் உத்தரப் பிரதேசத்தின் லக்கிம்பூர் கேரி என்னும் மாவட்டத்தில் பங்கு பங்காகச் சென்று பெட்ரோலின் தரத்தைச் சோதித்தார். கலப்பட எண்ணெய் விற்ற ஒரு பங்கைச் சீல் வைத்து மூடினார். அது மறுபடியும் திறந்த பிறகு, 2005 நவம்பர் 19 அன்று மீண்டும் சோதனைக்குச் சென்றார். அன்று அவரைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். அப்போது அவருக்கு வயது இருபத்தேழு. குற்றவாளிகளுக்கு விசாரணை நீதிமன்றம் 2007-இல் தண்டனை வழங்கியது. 2015-இல் உச்ச நீதிமன்றம் அவர்களது ஆயுள் தண்டனையை உறுதி செய்தது.

இதைப் படித்தபோது என் மனத்தில் ஓர் எண்ணம் எழுந்தது. ஒரு லிட்டர் பெட்ரோல் ஒரு லிட்டராகவும் பெட்ரோலாகவும் இருக்க வேண்டும் என்பதற்காக ஒருவர் உயிரைக் கொடுத்திருக்கிறார். நாமோ, அதைச் சோதித்துப் பார்க்கச் சட்டம் தந்திருக்கும் உரிமையைக்கூடப் பயன்படுத்தாமல், டீக்கடையில் உட்கார்ந்து பழி சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

ஆம், அந்த உரிமை நம் எல்லோருக்கும் உண்டு. ஒவ்வொரு பங்கிலும் முத்திரையிட்ட ஐந்து லிட்டர் அளவை இருக்க வேண்டும். வாடிக்கையாளர் கேட்டால் அதில் பிடித்துக் காட்ட வேண்டும். ஐந்து லிட்டருக்கு 25 மில்லிலிட்டர் வரை கூடலாம், குறையலாம். அதற்கு மேல் கூடாது. தரத்தில் ஐயம் இருந்தால் வடிதாள் கேட்கலாம். அதில் ஒரு சொட்டுப் பெட்ரோல் விட்டால் இரண்டு நிமிடத்தில் கறை இல்லாமல் ஆவியாகிவிட வேண்டும். கறை தங்கினால் மண்ணெண்ணெய் போன்ற ஏதோ கலந்திருக்கலாம். அன்றைய அடர்த்தியையும் எழுதி வைத்திருக்க வேண்டும். லாரியில் வந்தபோது ரசீதில் குறித்த அடர்த்திக்கும், பங்கில் சோதிக்கும் அடர்த்திக்கும் கன மீட்டருக்கு மூன்று கிலோவுக்கு மேல் வேறுபாடு இருக்கக் கூடாது.

அப்பாவும் நானும் ஒரு சனிக்கிழமை இதைச் செய்து பார்த்தோம். முதலில் மதுரை ரோட்டுப் பங்குக்குப் போனோம். “அளவை உள் ரூமில் இருக்கு, சாவி முதலாளிகிட்ட இருக்கு” என்றார்கள். மறுவாரம் போனபோதும் அதே பதில். மறுத்ததனாலேயே அவர்கள் ஏமாற்றுகிறார்கள் என்று நான் சொல்லமாட்டேன். என் நோட்டுக் கணக்கும் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் கேட்டால் காட்ட வேண்டியது அவர்கள் கடமை.

பிறகு போடி ரோட்டுப் பங்குக்குப் போனோம். என் தோழியின் அம்மாதான் நின்றிருந்தார். அப்பா தயங்கியபடி கேட்டார். அவர் முகம் கொஞ்சமும் மாறவில்லை. “இந்தா எடுத்தாறேண்ணே” என்று சொல்லிக் கழுத்து நீண்ட அந்த அளவையைக் கொண்டு வந்து வைத்தார். பூஜ்யம் காட்டி, ஐந்து லிட்டர் பிடித்தார். பெட்ரோல் கோட்டுக்கு மிகச் சிறிதே கீழே நின்றது. பத்து மில்லிலிட்டருக்கு மேல் இராது. வடிதாளிலும் கறை இல்லை. அப்பா, “சரியா இருக்கும்மா. ஊர்ல ஏதேதோ சொன்னாங்க, அதான்…” என்று இழுத்தார். அதற்கு அவர், “சொல்லட்டும்ணே. கேக்குறவுகளுக்கெல்லாம் அளந்து காட்டத் தயாரா இருக்கோம். யாரும் கேக்கத்தான் மாட்டேங்குறாக. நான் அளவுல கைய வச்சா, எம்பிள்ள படிக்கிற பள்ளிக்கூடத்துக்கு எப்படித் தலை நிமிந்து வாரது?” என்றார். அப்பா அந்த ஐந்து லிட்டரோடு இன்னும் பதினைந்து லிட்டர் போடச் சொன்னார். இப்போதும் அங்கேதான் போடுகிறார். அது வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டர்தான்.

மைலேஜைக் கூட்ட வேறு வழியே இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். உண்டு. அது பங்கில் இல்லை. பெரும்பாலும் ஓட்டுபவர் காலில் இருக்கிறது. வேகம் கூடக்கூடக் காற்றின் தடை பன்மடங்கு கூடும். வேகம் இரட்டித்தால் தடை நான்கு மடங்காகும். சட்டென்று மிதித்துச் சட்டென்று பிரேக் போட்டால் எண்ணெய் வீணாகும். டயரில் ஒவ்வொரு பவுண்டு காற்று குறையும்போதும் மைலேஜ் ஏறக்குறைய 0.2 சதவீதம் குறையும். பத்துப் பவுண்டு குறைந்த டயர்களோடு ஓடிக்கொண்டே பங்கைத் திட்டுபவர் எத்தனை பேர்! காற்றுக்கோ காசு கிடையாது. தேவையில்லாதபோதும் கூரை மேல் கம்பிச் சட்டத்தைச் சுமந்து திரிந்தால் அதுவும் எண்ணெய் குடிக்கும். எங்கள் அப்பா சட்டத்தைக் கழற்றி வைத்து, வாரம் ஒரு முறை காற்றுப் பார்த்து, நிதானமாக ஓட்டத் தொடங்கிய பிறகு சமதளத்தில் 14.0 வரை வந்திருக்கிறது. இழந்த ஒரு கிலோமீட்டரில் பாதியை மீட்டுவிட்டோம்.

குமுளிப் பக்கம் அடிக்கடி போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மலைக்கு மேலே போடும் பெட்ரோலுக்கும் கீழே போடும் பெட்ரோலுக்கும் மைலேஜில் வேறுபாடு இல்லை; விலையில் உண்டு. தமிழக அரசு 2021 ஆகஸ்டில் லிட்டருக்கு 3 ரூபாய் வரியைக் குறைத்தது. கேரள அரசு 2023 ஏப்ரலில் லிட்டருக்கு 2 ரூபாய் கூடுதல் வரி விதித்தது. கேரள வண்டிகள் மலை இறங்கி வந்து கூடலூர்ப் பக்கம் பெட்ரோல் போட்டுச் செல்வது இதனால்தான். இடம் பார்த்துப் போடுவதில் இலாபம் உண்டு என்றால், அது இப்படிப்பட்ட இடத்தில்தான்; அதுவும் அந்த வழியாகப் போகும்போது மட்டும்தான்.

அன்புத் தோழியரே! நம்மில் பலர் நாளை வண்டி ஓட்டப் போகிறோம். சிலர் பங்க் நடத்தலாம். மஞ்சுநாத்தைப் போல் அதிகாரியாகி அளவையும் தரத்தையும் சோதிக்கவும் போகலாம். அதற்கு முன்பாக இன்றே நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. உங்கள் வீட்டு வண்டிக்கு ஒரு நோட்டுப் போடுங்கள். லிட்டர், கிலோமீட்டர், போன ஊர் ஆகிய மூன்றையும் எழுதுங்கள். பெட்ரோல் போடும்போது வண்டியை விட்டு இறங்கிப் பூஜ்யத்தைப் பாருங்கள். ஐயம் வந்தால் ஐந்து லிட்டர் அளவையைக் கேளுங்கள். உங்கள் தந்தையர் கூச்சப்பட்டால் நீங்கள் கேளுங்கள். குறைவாக இருந்தால் அஞ்சாமல் எடையளவு அதிகாரிகளிடம் புகார் கொடுங்கள். சரியாக இருந்தால், சரியாக இருக்கிறது என்பதையும் நாலு பேரிடம் அதே உரத்த குரலில் சொல்லுங்கள். குறை சொல்ல நூறு வாய் இருக்கும் இடத்தில், நிறை சொல்ல ஒரு வாயாவது வேண்டுமல்லவா?

என் தோழியிடம் நோட்டைக் காட்டினேன். அவள் எல்லாப் பக்கங்களையும் புரட்டிப் பார்த்தாள். பிறகு, “இதை எங்க அம்மாவிடம் ஒரு நாள் காட்டித் தருகிறேன்” என்று வாங்கிக்கொண்டு போனாள். மறுநாள் திரும்பி வந்தபோது நோட்டுக்குப் பழைய காலண்டர் தாளில் அழகாக அட்டை போடப்பட்டிருந்தது.